உள்ளங்கை அரிப்பும் எட்டாம் மாத வாந்தியும்

(சமுதாய வளைகாப்பு நிகழ்ச்சி ஒன்றில், அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கன்னத்தில் சந்தனம், கை நிறைய கண்ணாடி வளையல் என்று இவ்வளவு பேரை ஒரே இடத்தில் பார்ப்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வார்டில் உங்களைப் பார்க்கிறபோது இப்படிச் சிரித்த முகமாக இருக்க மாட்டீங்க. ஐந்து வகை சாதமும் தயாராகிவிட்டது, வாசனை இங்கே வரைக்கும் வருது. அதனால் இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்.

நான் பேசப்போவது கல்லீரலைப் பற்றி. நிகழ்ச்சியை நடத்துகிற மேடம், "வளைகாப்பு மேடையில் நல்லது மட்டும் பேசுங்க டாக்டர்" என்றார்கள். சரிதான். ஆனால் இங்கே கர்ப்பிணிகள் மட்டும் உட்காரவில்லை. அம்மா, மாமியார், நாத்தனார், பின்னாடி ஃபோனை நோண்டிக்கொண்டு நிற்கிற கணவன்மார்கள் எல்லாரும் இருக்கீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, காலையில் போகலாமா" என்று முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள்தான். உங்களையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்கு வேற இடம் கிடையாது.

கல்லீரல் என்றதும் "குடிக்கிறவங்களுக்கு வர்றதுதானே" என்று கேட்பார்கள். இல்லீங்க. கர்ப்பத்துக்கென்றே சில கல்லீரல் நோய்கள் இருக்கின்றன. ஒரு சொட்டு மது தொடாத, முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்த பெண்ணுக்கு அவை வரும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் வரும். சில நோய்கள் மெதுவாகப் போகும், சில மூன்று நாளில் உயிரை எடுக்கிற அளவுக்கு ஓடும். முதலில் வருகிற அறிகுறிகளோ அரிப்பு, வாந்தி, வயிற்று வலி, தாகம் மாதிரி ரொம்பச் சாதாரணமானவை. எல்லாவற்றுக்கும் நம்ம வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும். சூடு, பித்தம், வாயு.

முதலில் அரிப்பு. வயிறு பெரிதாகும்போது தோல் இழுபட்டு வயிற்றில் அரிப்பது பல பேருக்கு இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நான் சொல்வது வேறே. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். ராத்திரியில் அதிகமாகும். பார்த்தால் தடிப்போ கொப்புளமோ ஒன்றுமே இருக்காது, சொறிந்த கோடு மட்டும்தான் இருக்கும். ஒரு பெண், இப்படி வளையல் அடுக்கின கையோடுதான் வந்தாள். அந்த வளையலாலேயே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க எழுந்து போய்க் குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டு நிற்பாளாம். வீட்டில் வேப்பிலை அரைத்துப் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். பத்து நாள் கழித்து அவளுடைய நாத்தனார்தான், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க" என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

பித்தநீர் கல்லீரலிலிருந்து ஒழுங்காக வடியாமல் ரத்தத்தில் தேங்குவதுதான் இந்த நோய். கர்ப்ப கால ஹார்மோன்கள் அந்த வடிகாலை மந்தப்படுத்துகின்றன. தாய்க்கு இதனால் உயிராபத்து அநேகமாக இல்லை, பிரசவம் ஆன சில நாளில் அரிப்பு போய்விடும். பாதிப்பு குழந்தைக்குத்தான். ரத்தத்தில் பித்த அமிலம் எவ்வளவு என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது 40க்குள் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து மற்ற கர்ப்பிணிகளுக்கு இருக்கிற அளவுதான். 100ஐத் தாண்டினால் நூறில் மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே இறந்து போகின்றன. அதனால் 100ஐத் தாண்டினவர்களுக்கு 36 வாரம் வாக்கிலேயே பிரசவம் பார்த்துவிடுகிறோம். மற்றவர்களுக்கு அளவைப் பொறுத்து 37, 38, 39 வாரம் என்று முடிவு செய்வோம். அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை கொடுப்போம், அரிப்பு கொஞ்சம் குறையலாம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறோமே என்று செக்கப்பை விட்டுவிடக் கூடாது. குழந்தையை அந்த மாத்திரை காப்பாற்றும் என்பதற்குச் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் பயிற்சி முடித்த புதிதில், கூட்டமான ஒரு ஓ.பி. நாளில், இப்படி அரிப்போடு வந்த ஒரு பெண்ணுக்குக் கேலமைன் லோஷன் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கண் மஞ்சளாக இல்லை, தோலில் ஒன்றும் இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நோயில் பல பேருக்குக் கண் மஞ்சளாகவே ஆகாது என்பது புத்தகத்தில் படித்ததுதான், அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. மறுவாரம் வேறொரு டாக்டரிடம் போனதால் அவளும் குழந்தையும் தப்பித்தார்கள். ஆகவே டாக்டரோ நர்ஸோ சாதாரணமாக விட்டாலும், "ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்குது, லிவர் டெஸ்ட் பண்ணணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

அடுத்தது வாந்தி. இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் வாந்தி வருவது எல்லாருக்கும் தெரியும். அது ஐந்தாம் மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கின வாந்தி எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் திரும்ப வந்தால் அது மசக்கை கிடையாது. மசக்கைக்கு இரண்டாவது தவணை இல்லை. இதை மட்டும் இன்று வீட்டுக்குக் கொண்டுபோனால் கூடப் போதும்.

ஊர், பெயர் சொல்ல மாட்டேன். முதல் பிரசவம், 35 வாரம். சித்திரை வெயில். இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடே இறங்கவில்லை. "ஒரு குடம் குடிச்சாலும் தாகம் அடங்கலை" என்று சொல்லியிருக்கிறாள். வெயில் என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. அன்றைக்கு நாள் சரியில்லை என்று மறுநாள் காலை கிளம்பினார்கள். எங்களிடம் வரும்போது கூப்பிட்டால் கண் திறந்து பார்த்து மறுபடி தூங்கிவிடுகிறாள். ரத்தத்தில் சர்க்கரை 38. ஊசி குத்தின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை. ஐ.சி.யூ.வில் பதினோரு நாள் கிடந்து அவள் பிழைத்தாள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவளுடைய மாமனார் என்னிடம், "அந்தக் குளுக்கோஸ் ஏத்தாம நேரா வந்திருந்தா?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? சொல்லவில்லை.

இது கர்ப்ப காலத் தீவிரக் கொழுப்புக் கல்லீரல் நோய். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பல பேருக்கு 'ஃபேட்டி லிவர்' என்று வரும், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. இது அபூர்வம்தான், பல ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று. கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் திடீரென்று நிரம்பி, அது செய்கிற வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் சர்க்கரை இறங்கும். ரத்தம் உறைவதற்கான பொருளைத் தயாரிக்க முடியாது, அதனால் ரத்தம் நிற்காது. கூடவே சிறுநீரகமும் கெடும். தாங்க முடியாத தாகமும் அடிக்கடி நிறைய நீர் பிரிவதும் இதில் சில பேருக்கு முன்கூட்டியே வரும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். இன்று நேரத்தில் வந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். புது மருந்து கண்டுபிடித்ததால் அல்ல. சீக்கிரம் கண்டுபிடித்து, சர்க்கரையும் ரத்த உறைபொருளும் ஏற்றி, தாமதிக்காமல் குழந்தையை வெளியே எடுத்துவிடுவதால்தான். பிரசவம்தான் இதற்கு வைத்தியம். இந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது நோயின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்குக் கொழுப்பைச் சக்தியாக மாற்றுவதில் பிறவியிலேயே குறை இருக்கலாம். அதைப் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, வலி. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே, அல்லது நெஞ்சுக்குழியில், பிடித்து இழுக்கிற மாதிரி வலி. வாயு என்று ஓமத் தண்ணீர், பூண்டு, சோடா எல்லாம் கொடுப்பார்கள். மாசமான பெண்ணுக்கு நெஞ்செரிச்சல் சகஜம்தான். ஆனால் 20 வாரத்துக்கு மேல் இந்த வலியோடு தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி தெரிவது, முகம் வீங்குவது, குமட்டல் இதில் ஒன்று சேர்ந்தாலும் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்த நோய் முற்றிக் கல்லீரலைத் தாக்கும்போது சிவப்பணுக்கள் உடையும், கல்லீரல் என்சைம் ஏறும், தட்டணுக்கள் இறங்கும். இதற்கு 'ஹெல்ப் சிண்ட்ரோம்' என்று பெயர். உதவி என்கிற ஆங்கிலச் சொல் மாதிரியே ஒலிக்கும், டாக்டர்கள் பெயர் வைத்தது அப்படி. தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போயிருந்தால் எங்களுக்குக் கவலை ஆரம்பித்துவிடும். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டு, பிரஷரைக் குறைத்து, பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வோம்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு ஆரம்பத்தில் பிரஷர் ஏறியே இருக்காது. அதனால் "பிரஷர் நார்மல்தானே" என்று வலியை ஒதுக்கக் கூடாது, ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டு, பிரசவம் முடிந்த பிறகும் இது வரும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், சில சமயம் ஒரு வாரம் வரைக்கும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி அம்மா வீட்டுக்குப் போயிருப்பீர்கள், எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெற்றவளுக்குத் தலை வலிக்கிறது, மேல் வயிறு வலிக்கிறது என்றால் அவளையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்போது மஞ்சள் காமாலை. தண்ணீரால் பரவுகிற காமாலை வைரஸ்களில் ஹெபடைட்டிஸ் ஈ என்று ஒன்று. அது ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். அதே வைரஸ் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1955, 56இல் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அப்போதும் கர்ப்பிணிகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அந்த வைரஸ் எது என்பது பல ஆண்டுகள் கழித்து, பத்திரப்படுத்தி வைத்த ரத்த மாதிரிகளை வைத்துத்தான் தெரிந்தது. இதற்கு நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி கிடையாது. நமக்கு இருப்பது கொதிக்க வைத்த தண்ணீர்தான். வெதுவெதுப்பாக்கினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். கேன் தண்ணீர் என்பதாலேயே சுத்தம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கேனை யார் எங்கே நிரப்பினார்கள் என்று நமக்குத் தெரியாது. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். தெருவில் நாலு பேருக்குக் காமாலை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஒருவருக்காக மட்டும் இல்லை, அந்தத் தெருவில் இன்னொரு கர்ப்பிணி இருப்பாள்.

எந்தக் காரணத்தால் காமாலை என்று கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் தெரியுமா? கொழுப்புக் கல்லீரல் என்றால் உடனே பிரசவம் பார்க்க வேண்டும். வைரஸ் என்றால் அவசரமாகப் பிரசவம் பார்ப்பதால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை, கல்லீரலைத் தாங்கிப் பிடிக்கிற சிகிச்சைதான். வெளியிலிருந்து பார்க்க இரண்டு பெண்களுக்கும் கண் ஒரே மஞ்சள்தான். சிறுநீரில் சோறு போட்டு மஞ்சளாகிறதா என்று பார்க்கிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதில் எது என்று தெரியாது. ரத்தத்தில்தான் தெரியும். ஹெபடைட்டிஸ் பி பற்றி ஒரு வரி: முதல் செக்கப்பிலேயே அதற்கு ரத்தம் எடுத்திருப்பார்கள். பாசிட்டிவ் என்றால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவமோ அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டியும் கொல்லையில் பறித்து மோரில் அரைத்துக் கொடுத்தவர்தான், எனக்கு அதன் மேல் விரோதம் இல்லை. சென்னையில் செய்த ஆய்வு ஒன்று 1988இல் 'லான்செட்' இதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களிடம் செய்தது, கர்ப்பிணிகளிடம் அல்ல. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவும் இல்லை. நான் பயப்படுவது கீழாநெல்லிக்காக அல்ல, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற மூன்று நாளுக்காக. அதோடு பத்தியம் என்று வெறும் கஞ்சியில் போட்டுவிடுவார்கள், ஏற்கெனவே சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிற பெண்ணை. சூடு போடுவதைப் பற்றி நான் பேசப்போவதே இல்லை, செய்யாதீர்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் கடையில் தானாக மாத்திரை வாங்குவதும் வேண்டாம். பாராசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பானதுதான். ஆனால் சளி மாத்திரையிலும் அது இருக்கும், உடம்புவலி மாத்திரையிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து முழுங்கி அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல்.

கையில் ஃபோன் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வேலை சொல்கிறேன். இப்போது லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, வந்ததும் ஒவ்வொரு வரியாகத் தேடிப் பார்த்துப் பயந்து போகிறீர்கள். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற வரி கர்ப்பத்தில் தானாகவே ஏறும், நஞ்சுக்கொடியிலிருந்து வருவது அது. ஆல்புமின் கொஞ்சம் இறங்கியிருக்கும், ரத்தத்தின் அளவு கூடுவதால். இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் மூன்றும் கர்ப்பத்தால் ஏறக் கூடாதவை. அவற்றுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஃபோனில் தனியாக ஒரு ஆல்பம் வைத்துக்கொள்ளுங்கள். தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கமும், 12 இலக்க பிக்மி எண், ரத்த வகை, கடைசி ஸ்கேன், ஒவ்வொரு முறையும் பார்த்த பிரஷர், காப்பீட்டு அட்டை. கணவர் ஃபோனிலும் அதே ஆல்பம் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு மயக்கமாக வருகிற பெண்ணின் பையில் அட்டை இல்லை, கூட வந்தவருக்கு எத்தனை வாரம் என்று தெரியவில்லை என்றால் எங்களுக்கு அரை மணி நேரம் போய்விடும்.

சந்தேகம் கேட்க 104 இருக்கிறது, மருத்துவ ஆலோசனை சொல்வார்கள். இ-சஞ்சீவனியில் டாக்டரை வீடியோவில் பார்க்கலாம். அரிப்பு என்றால் இதெல்லாம் முதல் படியாகச் சரி. ஆனால் கண் மஞ்சள், தூக்கக் கலக்கம், உளறல், வலிப்பு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை அசைவு குறைவது, எட்டாம் மாதத்துக்கு மேல் விடாத வாந்தி — இதில் எது இருந்தாலும் வீடியோ கால் வேண்டாம், 108. கூப்பிடும்போது "வயிறு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "35 வாரக் கர்ப்பிணி, கண் மஞ்சளா இருக்கு, ரெண்டு நாளா வாந்தி" என்று சொல்லுங்கள். எங்கே கொண்டுபோவது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் மாறும். இந்த நோய்களுக்கு அறுவை அரங்கும், ரத்த வங்கியும், ஐ.சி.யூ.வும் ஒரே இடத்தில் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இருக்கிற சீமாங்க் மையங்கள் 24 மணி நேரமும் அதற்காகத்தான். ரத்தம் கொடுக்கத் தெம்பாக இருக்கிற இரண்டு சொந்தக்காரர்களையும் கூட அனுப்புங்கள்.

அரிப்பு நோய் வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்ப வர நிறைய வாய்ப்பு உண்டு. அடுத்த முறை பதிவு செய்யும்போதே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்னாலும் சொல்லுங்கள்.

இருபது நிமிஷம் என்று சொல்லி இருபத்தைந்து ஆகிவிட்டது. மேடைக்கு இடது பக்கம் செவிலியர்கள் பிரஷர் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதம் பிரஷர் பார்க்காதவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கள். உள்ளங்கை அரிக்கிறது என்று இப்போது கை தூக்கின அந்த மூன்றாவது வரிசைப் பச்சைப் புடவை, நீங்க சாப்பிட்டுட்டு என்னைப் பார்க்காம போகாதீங்கம்மா.